பத்து நிமிடம் முந்திய வீடு

"ஏய் மிளகா, இன்டர்நெட்டை என்னடி பண்ணி வெச்சிருக்கே? ஹீரோ கையை ஓங்கினவன் ஓங்கினபடியே நிக்கிறான். வில்லன் பாவம், எவ்வளவு நேரம்தான் கன்னத்தைக் காட்டிக்கிட்டு இருப்பான்."

முன்னறையில் பாயில் சாய்ந்து கிடந்த அண்ணனின் குரல். அவன் லிஃப்ட் மெக்கானிக். மாலை ஷிப்ட் என்பதால் காலை முழுக்க வீட்டில் கிடந்து எல்லோர் உயிரையும் எடுப்பான். மிளகாய் என்பது அவள் பெயரில்லை. அவள் வாய் திறந்து பேச ஆரம்பித்த பிறகு வீடு வைத்த பெயர். ஆபீஸ் வரைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அதனால் ஃபேன் சுற்றாவிட்டாலும் அவளைத்தான் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு முழங்கால் வலித்தாலும் அவளைத்தான் கேட்பார்கள். அவள் படித்ததோ கம்ப்யூட்டர். வேலை, கைரேகை வைத்து வருகை பதியும் மிஷின் செய்கிற கம்பெனியில். புது மிஷின்கள் சரியாக ஓடுகின்றனவா என்று வீட்டிலிருந்தே சோதித்துச் சொல்ல வேண்டும். போன வாரம் வந்த மிஷின் ஒன்று இன்னும் பிரிக்கப்படாமல் மேஜை மேல் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

"உன் படத்துக்காக நான் எந்திரிக்கணுமா?" என்றாள்.

"படத்துக்காக வேணாம். வில்லனோட கன்னத்துக்காக எந்திரி."

எழுந்தாள். ரவுட்டரைப் பார்த்தாள். விளக்கு வெறி பிடித்தது போல் துடித்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் நுழைந்து, யார் இவ்வளவு வேலை வாங்குகிறார்கள் என்று பார்த்தாள். அண்ணனின் படம் இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிற குட்டி போர்டு.

அந்த போர்டு அவளுடைய செல்லப் பிள்ளை. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும், ஆனால் முழுக் கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சமையலறை ஜன்னல் வரைக்கும் போய், கம்பியில் ஒட்டிய சின்ன ஆன்டெனாவில் முடியும். செயற்கைக்கோள்கள் சொல்கிற நேரத்தை ஆன்டெனா வாங்கும், போர்டு அதை வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும். டைம் சர்வர். கேட்பவர்கள் என்று யாரும் பெரிதாக இல்லை. சமையலறைச் சுவரில் அவளே செய்து மாட்டிய சிவப்பு எண் கடிகாரம், அண்ணனின் கட்டிலோரம் இருக்கிற இன்னொன்று. இரண்டே இரண்டு. இரண்டு கடிகாரத்துக்கு வானத்தையே இறக்கி வைத்திருக்கிறாள் என்று அண்ணன் கேலி செய்வான்.

வானத்தை இறக்கி வைத்ததில் அம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. பழைய சுவர்க் கடிகாரம் இருந்தவரை அதைப் பத்து நிமிடம் முந்தி வைத்திருப்பாள். பல வீடுகளில் இருக்கிற வழக்கம்தான். அது பொய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தவுடன் கால் தானாக எட்டிப் போடும். புதுக் கடிகாரம் அச்சுப் பிசகாமல் உண்மையைச் சொன்னது. "இதுல பதட்டமே இல்லடி. இதப் பார்த்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குது" என்று அம்மா புலம்பிய புலம்பலில், போன மாதம் மிளகாய் போர்டுக்குள் ஒரே ஒரு வரியைச் சேர்த்தாள். வானத்திலிருந்து வருகிற நேரத்தோடு பத்து நிமிடத்தைக் கூட்டிக் கொடு. அவ்வளவுதான். அம்மா சிரித்தாள். இட்லித் தட்டைக் கழுவுகிற வேகத்தில் ஒரு உலகத்தையே நகர்த்திவிட்டோம் என்பது மிளகாய்க்கு அன்று தெரியாது.

போர்டைத் தொட்டாள். கொதித்தது. நேரம் கேட்பவர்களின் வரிசையைக் காட்டு என்று தட்டினாள்.

திரை நிற்காமல் ஓடியது.

இரண்டு வரி வந்து நிற்க வேண்டிய இடத்தில் எண்கள் அருவி மாதிரி கொட்டின. எதுவும் வீட்டுக்குள் இருக்கிற கருவியின் எண் இல்லை. எல்லாம் வெளியூர், வெளிவாசல். விரலை எடுத்துவிட்டாள். எடுத்தும் ஓடியது.

"அண்ணா."

"என்ன?"

"நம்ம வீட்டு வாசல்ல ஒரு ஊரே நின்னு மணி கேட்டுக்கிட்டு இருக்கு."

"எட்டிப் பார்த்துட்டேன். யாரும் இல்ல. பால்காரர் மட்டும் போறார்."

எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். போர்டின் பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினாள். அப்போது வாசல் கதவு திறந்தது. அம்மா.

அந்த நேரத்தில் அம்மா வீட்டுக்கு வருகிறவள் இல்லை. துணி தைக்கிற கம்பெனியில் காலர் தைப்பவள். காய்ச்சலோடு போய் மாத்திரையைத் தையல் மிஷின் மேலேயே வைத்துக்கொண்டு தைத்தவள். சாப்பாட்டுப் பை பிரிக்காமல் தோளில் தொங்கியது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. லேட்டாம். இந்த மாசத்துல மூணாவது தடவை."

அண்ணன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். மூன்று என்றால் என்ன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருடம் காண்ட்ராக்ட் கையாகவே தைத்தவர்களில் சிலரை இந்த வருடம் நிரந்தரமாக்குகிறார்கள். பட்டியல் இன்று மதியம் இரண்டாவது ஷிப்ட் உள்ளே போகும்போது கேட்டில் ஒட்டப்படும். லேட் என்று மிஷினில் மூன்று முறை சிவப்பு விழுந்தவர் பெயர் பட்டியலில் இருக்காது.

"லேட்டாவா போனே?" என்றாள் மிளகாய்.

"எங்கடி லேட்டு? வீட்டு மணி பார்த்து, பத்தைக் கழிச்சுட்டு, எப்பவும் போறபடிதான் போனேன். பஸ்ஸு கொஞ்சம் இழுத்துட்டான். எறங்கறப்போ கூட வந்தவ போனைப் பார்த்தா எட்டுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. சரி, வந்துட்டோம்னு போய் வெரல வெக்கிறேன், மிஷின் எட்டு அஞ்சுங்குது. சிவப்பு எரியுது."

மிளகாய் ஃப்ரிட்ஜ் மேலிருந்த போர்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"திருப்பிச் சொல்லு."

"என்னத்த சொல்றது? மூணு தடவையும் இப்படித்தான். ஒரு மாசமா எல்லாருமே சொல்லிக்கிட்டு இருக்கோம், மிஷின் முன்னாடி ஓடுதுன்னு. ஹெச்.ஆர். என்ன சொல்றார் தெரியுமா? போன் நேரம் உங்க நேரம், மிஷின் நேரம் கம்பெனி நேரமாம்."

"ஷிப்ட் முடிஞ்சா? வெளிய வரும்போதும் மிஷின் நேரம்தானே? அப்ப சீக்கிரம் விடணுமே."

"வெளிய விடறது பெல்லு அடிச்சாத்தான். பெல்லு தனிக் கடிகாரம்."

மிளகாய் பேசாமல் மேஜைக்குப் போனாள். அட்டைப்பெட்டியின் டேப்பைப் பல்லால் கிழித்தாள். உள்ளேயிருந்த புது மிஷினைச் செருகினாள். அம்மா கம்பெனி கேட்டில் இருப்பதும் இதே மிஷின்தான். அவர்கள் கம்பெனி செய்ததுதான். அது விழித்து, நெட்டைப் பிடித்து, மணி காட்டியது. போனைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். சுவரில் சிவப்புக் கடிகாரத்தைப் பார்த்தாள். மிஷினும் சுவரும் ஒரே நேரம். போன் மட்டும் பத்து நிமிடம் பின்னால்.

அமைப்புகளைத் திறந்தாள். நேரம் எங்கிருந்து வாங்குவது என்கிற இடத்தில் அவள் போர்டின் முகவரி இருந்தது. அவள் விளையாட்டாக வைத்த பெயர், மிளகாய் என்று தொடங்குகிற பெயர், தொழிற்சாலையில் அச்சடித்த மிஷினுக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மிஷினைக் கீழே வைக்காமல் அந்தப் பெயரையே வெறித்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அம்மா.

"இரும்மா. ஒரு போன் பண்ணிக்கிறேன்."

அவள் டீமுக்கு மேலே இருப்பவரை ஆபீசில் எல்லோரும் லீடு என்பார்கள். சில மாதங்களுக்கு முன்னால், கம்பெனியின் சொந்த டைம் சர்வர் தடுமாறியபோது, அவர்தான் கேட்டார்: உன் வீட்டு நேரம் ரொம்பச் சரியா இருக்காமே, ஒரு டெஸ்ட் பண்ணிக்கிறேன், அட்ரஸ் குடு. நம்மையும் ஒரு மனுஷியாக மதித்துக் கேட்கிறாரே என்று பூரித்துப் போய்க் கொடுத்தாள். வெளியிலிருந்து வருபவர்களுக்காக ரவுட்டரில் ஒரு வழியையும் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, அவளும் மறந்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், புது மிஷின்ல என் வீட்டு சர்வர் அட்ரஸ் இருக்கு."

"ஆமாம்மா. அன்னிக்கு நம்மளோடது படுத்துக்கிச்சு இல்ல? உன்னோடது குதிரை மாதிரி ஓடுச்சு. அவசரத்துக்கு மாத்திவிட்டேன். அப்புறம் திருப்பி மாத்தணும்னு நெனச்சேன், வேலைல..."

"எத்தனை மிஷின்ல?"

"அப்டேட்ல போட்டது. எல்லாத்துலயும்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா சார்?"

"நீதானம்மா அட்ரஸ் குடுத்தே."

அவளுக்குக் காரமான பதில் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினாள். "சார், அந்த சர்வர் பத்து நிமிஷம் முன்னாடி ஓடுது. ஒரு மாசமா."

"ஏன்?"

"எங்க அம்மாவுக்குப் பதட்டம் வரணும்னு."

அவர் குரல் தாழ்ந்தது. "இங்க பாரும்மா. சத்தம் போடாம அந்தப் பத்தை எடுத்துடு. நான் இன்னிக்கே அட்ரஸை மாத்திடறேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா ஒனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது."

"எங்க அம்மாவுக்கு இன்னிக்கு மூணாவது சிவப்பு விழுந்திருக்கு சார். வேலை நிரந்தரம் போயிடும்."

"அவ்வளவுதானே? எந்தக் கம்பெனின்னு சொல்லு. அவங்க மூணு என்ட்ரியை மட்டும் நானே இங்கேர்ந்து பச்சையா ஆக்கிடறேன்."

அப்படி ஆக்க முடியும் என்பதே அவளுக்குத் தெரியாது. கம்பெனி விளம்பரத்தில், யாராலும் மாற்ற முடியாத பதிவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இதைவிட அவளை அதிரவைத்தது வேறொன்று. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கம்பெனிப் பெயர் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"மத்தவங்களோடது சார்?"

"மத்தவங்க எல்லாம் உங்க அம்மாவா?"

அழைப்பை வெட்டினாள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி புரியவில்லை, புரிய வேண்டியது புரிந்திருந்தது. எழுந்து போய்ச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அப்போ இதுலேர்ந்துதான் அங்க போகுதா?"

"ஆமாம்மா."

"நான் வெக்கச் சொன்ன பத்து நிமிஷமா?"

"நீ வீட்டுக்குத்தான் வெக்கச் சொன்னே. நான்தான் கடிகாரத்தை விட்டுட்டு சர்வர்ல வெச்சேன்."

"காஜா போடறாளே, கைக்குழந்தைக்காரி. அவளைப் போன வாரம் நிறுத்திட்டாங்க. லேட்டு லேட்டுன்னு. நான்கூட மனசுக்குள்ள அவளைத் திட்டினேன், கொஞ்சம் முன்னாடி கெளம்ப வேண்டியதுதானேன்னு." அம்மாவின் குரல் உடைந்தது. "என் பதட்டத்தைக் கொண்டுபோய் அவ வயித்துல அடிச்சிருக்கேனே."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். செருப்பு காலில்தான் இருந்தது.

"கெளம்பு" என்றாள்.

"எங்கம்மா?"

"கேட்டுக்கு."

"என் வேலை போயிடும்மா."

"போனா போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். நீ படிக்கிறதுக்காகத்தான் நான் காலர் தெச்சேன். ஆனா பச்சையை நான் மட்டும் வாங்கிக்கிட்டு, அந்தப் பொண்ணுங்க நடுவுல போய் எப்படிடி உக்காருவேன்?"

மிளகாய் பத்து நிமிடத்தை எடுக்க லேப்டாப்பைத் தொட்டவள், நின்றாள். எடுத்துவிட்டால் கேட்டில் மணி சரியாகிவிடும். அப்புறம் யார் நம்புவார்கள்? நேற்று தப்பாக இருந்தது என்று ஒரு பெண் வந்து சொன்னால், போம்மா, வேலையைப் பாரு என்பார்கள். இரண்டாவது ஷிப்ட் உள்ளே போவதற்குள் எடுத்தால் போதும். அந்த ஒரு வரியை மஞ்சளில் குறித்து, லேப்டாப்பை அண்ணன் மடியில் வைத்தாள்.

"நான் போன்ல சொன்னதும் இந்த மஞ்சள் வரியை அழிச்சுட்டு, இந்தப் பட்டனை அமுக்கணும். அதுக்கு முன்னாடி தொட்டா கையை ஒடிச்சுருவேன்."

"லிஃப்ட்டையே பத்தாவது மாடியில நிறுத்தறவன்டி நான்."

"பாதியில நிறுத்தறவன். அதான் பயமா இருக்கு."

மதியம் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, கம்பெனி கேட்டில் இரண்டாவது ஷிப்ட் பெண்கள் வந்து சேர ஆரம்பித்திருந்தார்கள். மிஷின் மணி இரண்டை நெருங்கிவிட்டது என்று சிலர் ஓடி வந்தார்கள். செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில், நெஞ்சுயரத்தில், மிளகாயின் மேஜையிலிருப்பது போன்ற அதே மிஷின். ஹெச்.ஆர். முழுக்கைச் சட்டையோடு கையில் சுருட்டிய பட்டியலை வைத்துக்கொண்டு நின்றார். அம்மாவைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"உங்களைத்தான் காலையிலேயே போகச் சொன்னேனேம்மா."

"என் பொண்ணு பேசணுமாம் சார்."

"சார், உங்க மிஷின் பத்து நிமிஷம் முன்னாடி ஓடுது" என்றாள் மிளகாய்.

"நீங்க யாரு?"

"மிஷின் செய்யற கம்பெனிலதான் வேலை பார்க்கிறேன்."

"மிஷின் பொய் சொல்லாதும்மா. நேரா சர்வர்லேர்ந்து வருது."

"அந்த சர்வர் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல இருக்கு சார்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செக்யூரிட்டியும் சிரித்தார். ஹெச்.ஆர். சிரிக்கவில்லை, "வழிய விடுங்க, வேலை இருக்கு" என்றார்.

மிளகாய் போனைக் காதில் வைத்தாள். "அண்ணா, அமுக்கு."

"எந்த வரி? இங்க எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"மஞ்சள்டா."

"ஆ, மஞ்சள். அழிச்சாச்சு. அமுக்கியாச்சு. நம்ம சுவர்க் கடிகாரம் பின்னாடி போயிடுச்சு மிளகா. எனக்குப் பத்து நிமிஷம் வயசு கொறஞ்சிருக்கு."

"இப்ப உங்க மிஷினைப் பாருங்க" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள்.

எல்லோரும் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மிஷின் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அது சில நிமிடத்துக்கு ஒருமுறைதான் நேரம் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். ரவுட்டர் அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டால்? வில்லன் மாதிரி கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"போதும்மா. எல்லாரும் வெரல வைங்க, லேட்டாகுது" என்றார் ஹெச்.ஆர்.

முன்னால் நின்ற பெண் விரலை நீட்டினாள். அவள் விரல் தொடுவதற்குள் மிஷின் ஒருமுறை கண் சிமிட்டியது. எண்கள் மாறின. இரண்டை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் சட்டென்று பத்து நிமிடம் பின்னால் போய் நின்றது.

நீட்டிய விரல் அந்தரத்திலேயே நின்றது. ஒருத்தி மெதுவாகத் தன் போனை எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். அது வரிசை முழுக்கப் போனது. செக்யூரிட்டி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

மிளகாயின் பார்வை மிஷினிலிருந்து விலகி, தற்செயலாக, பட்டியலைப் பிடித்திருந்த கையில் விழுந்தது. சட்டைக்கை கொஞ்சம் மேலேறியிருந்தது. பெரிய டயல் வாட்ச். அதில் மணி, மிஷின் இப்போதுதான் வந்து சேர்ந்த மணி.

அவள் பட்டனை அமுக்கச் சொன்னதால் அந்த முள் நகரவில்லை. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. ஒரு மாதமாக ஒவ்வொரு காலையும் இந்த மனிதர் இந்த மிஷின் பக்கத்தில் நின்று, கையில் சரியான மணியைக் கட்டிக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் லேட்டு என்றிருக்கிறார். அவள் தப்பு தெரியாமல் செய்தது. லீடின் தப்பு சோம்பலில் செய்தது. இது?

கத்த வேண்டும் போலிருந்தது. மிளகாய் என்று பெயர் வாங்கியவளுக்கு அந்த இடத்தில் வார்த்தையே வரவில்லை.

அம்மாதான் கேட்டாள். ஹெச்.ஆர். முன்னால் இத்தனை வருடமும் 'சரிங்க சார்' என்றே நின்ற அம்மா.

"சார், உங்க வாட்ச்சுல இப்போ மணி என்ன?"

அவர் சட்டைக்கையை இழுத்துவிட்டார். வரிசை முழுக்க அதைப் பார்த்தது.

"ஏதோ டெக்னிக்கல் பிரச்சினை. விசாரிக்கிறேன். எல்லாரும் பஞ்ச் பண்ணிட்டு உள்ள போங்க."

விரல் நீட்டியிருந்தவள் கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்தவளும். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கேட் திறந்திருந்தது, மிஷின் தயாராக இருந்தது, ஒரு விரலும் அதைத் தொடவில்லை. உள்ளே எங்கோ ஷிப்ட் மாறப் போகிறது என்கிற முதல் பெல் அடித்தது.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்றார் கடைசியில். குரல் கரகரத்தது.

"இந்த மாசத்து சிவப்பெல்லாம் எடுக்கணும் சார். எல்லாருக்கும்" என்றாள் அம்மா. "அந்தக் கைக்குழந்தைக்காரியைத் திரும்பக் கூப்பிடணும். அப்புறமா பட்டியலை ஒட்டுங்க."

"சரி, எடுத்துடலாம்."

"கையெழுத்துப் போட்டு ஒட்டுங்க சார். வாயில சொன்னா நாளைக்கு அது உங்க நேரம், இது எங்க நேரம்பீங்க."

பட்டியலின் பின்பக்கத்திலேயே எழுதி, கையெழுத்திட்டு, செக்யூரிட்டி அறைக் கண்ணாடியில் ஒட்டினார். வரிசையில் நின்றவர்கள் அதைப் படித்த பிறகுதான் முதல் விரல் மிஷினைத் தொட்டது. பச்சை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் போனில் லீடின் பெயர் மின்னி மின்னி அணைந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்று எடுத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மற்றக் கம்பெனிகளுக்கெல்லாம் இன்றைக்கே நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டாள். அவர் அவள் வேலையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "அது அப்புறம் சார்" என்றாள்.

மறுநாள் காலை அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா டீ டம்ளரோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். பை தயார். புடவை தயார். ஆள் மட்டும் அசையவில்லை.

"கெளம்பலையாம்மா?"

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குடி."

மிளகாய் கடிகாரத்தைப் பார்த்தாள். வாயில் நுரையோடு அப்படியே நின்றாள்.

"அம்மா, அது நெஜ நேரம்."

டம்ளர் உருண்டது. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைச் செருப்பைக் கையிலும் இன்னொன்றைக் காலிலுமாகப் படி இறங்கி ஓடினாள். தெருமுனை வரைக்கும் குரல் கேட்டது.

"பாவி, என் பத்து நிமிஷத்தை எங்கடி வெச்சே?"